அப்பாவுக்குக் கட்டிய பாட்டு

நம் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எழவு விழுந்தால் முதலில் மேளக்காரருக்கு ஆள் போகும். அடுத்து என் அம்மாவுக்கு. அம்மா வந்து உட்காரும் வரைக்கும் மற்றப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு சும்மா இருப்பார்கள். அம்மா தொண்டையைச் செருமினால் பக்கத்துத் தெருவும் அழும். நீங்களும் அழுதிருக்கிறீர்கள். யார் செத்தது என்றே தெரியாமல், பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டெல்லாம் பிணத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இல்லை. ஒரு பாட்டுக்கு அம்மாவுக்கு ஒரு மாதம் வேண்டும். சில பாட்டுக்கு இரண்டு மாதம். ஆள் உயிரோடு இருக்கும்போதே ஆரம்பித்தால்தான் ஆள் போகிற அன்றைக்குப் பாட்டு கையில் இருக்கும். இதை வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது சொல்கிறேன்.

எழுதிப் பழக்கம் இல்லை எனக்கு. அஞ்சாவதோடு சரி. இது நான் அஞ்சாவது முடித்த கோடையும் அதற்கடுத்த ஆடியும்.

அம்மா நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு மேசையில் நின்றாள். தைத்துத் தேய்த்து வந்த பனியனை மடித்து, அட்டை வைத்து, கவரில் போட வேண்டும். இடது கை, வலது கை, கீழ் மடிப்பு, மேலே ஒரு தட்டு. நாலு அசைவு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் அதே நாலுதான். அம்மாவின் பாட்டு எல்லாம் அந்த நாலுக்குள் அடங்கும்.

முதலில் வார்த்தை இருக்காது. மூக்குக்குள் ஒரு இரைச்சல் மட்டும் ஓடும். இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே ஓடும். மேசையில் தட்டுகிற இடத்தில் குரல் தானாக இறங்குகிறதா என்று பார்ப்பாள். இறங்கினால் அந்த ராகம் தங்கும். இறங்காவிட்டால் வேறு. வார்த்தை அதற்கப்புறம்தான். ஜட்டி ஆர்டர் ஓடுகிற வாரங்களில் அம்மாவுக்குப் பாட்டு வராது. ஜட்டிக்கு மூன்று அசைவுதான். “நொண்டியடிக்குது” என்பாள்.

எழுதத் தெரியாததால் முடிச்சுப் போட்டு வைப்பாள். வெட்டு மேசைக்குக் கீழே கிடக்கிற வேஸ்ட் துணியில் நீளமான ஓரம் ஒன்றை எடுத்து இழுத்தால் சுருண்டு கயிறு மாதிரி ஆகும். ஒரு வரி அமைந்தால் அதில் ஒரு முடிச்சு. பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடுவாள். கயிறு எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். வேலைக்கு நடுவில் கட்டைவிரலால் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். பாட்டுப் பாடி முடிந்த மறுநாள் அது அடுப்புக்குள் போய்விடும். அதனால் ஒன்றுகூட இப்போது இல்லை.

வரி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது என் மேல். லீவு நாளில் நானும் கம்பெனிக்குப் போய், தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டுவேன். சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடத்தில் உட்காருவோம். அப்போதும் என் கையில் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வரியை மெதுவாகப் பாடுவாள். என் கத்தரிச் சத்தம் நின்றால் முடிச்சுப் போடுவாள். நிற்காவிட்டால் சோற்றைப் பிசைவாள்.

ஒருநாள், பொன்னான தேரில் ஏறிப் போறீங்க ராசா என்று ஒரு வரி. என் கை நிற்கவில்லை.

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்குதுங்கம்மா.”

“தேரு!” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். “ஓட்டச் சைக்கிள்ல போற ஆளுக்குத் தேரு எதுக்கு? இது எவன் செத்தாலும் பாடலாம். அப்புடிப் பாட்டுக்கு எவ அழுவா?”

அதனால்தான் அம்மா நோயாளிகளைப் பார்க்கப் போவாள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். என்ன சாப்பிட ஆசை என்று கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள், செருப்பை எங்கே விடுகிறார்கள், எதைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வெளியே வந்ததும் மூக்குக்குள் இரைச்சல் தொடங்கிவிடும்.

இதை மற்றவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? நம் லைனுக்கு எதிரே இருந்த வாட்ச்மேன் தாத்தாவை நினைவிருக்கும். எப்போதும் வெறும் உடம்போடு கோவணம் தெரிய உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அவருக்குக் காலில் நீர் கோத்துப் படுத்திருந்தபோது அம்மா பழத்தோடு போய் நின்றாள். தாத்தா பழத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மணி, அதுக்குள்ள வந்துட்டீங்க? நான் இன்னும் கெளம்பலீங்க. ஆடி போயி வாங்க, பாக்கலாம்.”

அவர் மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டோம். தாத்தா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார்.

கம்பெனியிலும் கேலி உண்டு. ஓவர்லாக் ஓட்டுகிற டெய்லர் ஒருவர் தெற்கத்திக்காரர். “எக்கா, எனக்கு ஒண்ணு கட்டிப்போடுங்க. உசுரோட இருக்கும்போதே கேட்டுட்டுப் போயிருதேன்” என்பார்.

“உனக்கென்னத்தப்பா பாடறது? தோள்ல தையல் விட்ட மவராசான்னு பாடட்டுமா?” என்பாள் அம்மா. மேசை முழுக்கச் சிரிப்பு.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் காங்கேயத்துப் பக்கம். எண்ணெய் மில் களத்தில் தேங்காய் உடைத்தவர். கல்யாணம் ஆனதும் இங்கே வந்து சலவைப் பட்டறையில் சேர்ந்தார். சிமெண்டுத் தொட்டியில் பிளீச்சிங் தண்ணீரில் துணி ஊறும். அதற்குள் இறங்கி மிதிக்க வேண்டும். அப்பாவின் உள்ளங்கால் இரண்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தோல் அடுக்கடுக்காக உரிந்திருக்கும். பேச்சு குறைவு. டீயைத் தட்டில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். சட்டையைப் போடுவதற்கு முன்னால் உதறுவார். களத்தில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்த சட்டைக்குள் ஒரு காலத்தில் தேள் இருந்ததாம்.

அந்தப் பங்குனியில் இருமல் வந்தது. சித்திரையில் இளைத்தார். மாமாவும் அம்மாவும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். திரும்பி வந்த அன்றைக்கு அம்மா, அவள் அண்ணனாகிய மாமா, அப்பாவின் அக்காவாகிய அத்தை மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பேசினார்கள். நெஞ்சில் கட்டி, முற்றிப்போய்விட்டது, அப்பாவுக்குத் தெரியக்கூடாது. இதைத்தான் பேசியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என்னை “போய் வெளையாடு” என்றார்கள்.

அப்பாவிடம் நெஞ்சுச் சளி என்று சொன்னார்கள். மருந்து குடித்தால் கரைந்துவிடும் என்றார்கள். அவர் அந்த இருமல் மருந்தை மூடியில் அளந்து, ஒரு வேளை தப்பாமல் குடித்தார். பட்டறைக்குப் போகவில்லை. நான் கம்பெனிக்குப் போவதை நிறுத்தி, என்னை அவருக்குத் துணையாக வீட்டில் வைத்தார்கள். பிசிர் வெட்டும் பீஸ்களை அம்மா வீட்டுக்கே கட்டி எடுத்து வருவாள். மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவேன். அந்த அட்டைப் பெட்டி இடத்தில் வரி கேட்பது மட்டும் நிற்கவில்லை.

புதுப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

டீயத் தட்டுல ஊத்தி ஆறட்டும்னு ஊதுவீங்க
ஆறிப்போன மேனிய ஆரு வந்து சூடாக்க

கத்தரி நின்றது. முடிச்சுப் போட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று.

போடுமுன்னே சட்டைய மூணு தரம் ஒதறுவீங்க
ஒதறாமப் போட்டதென்ன ஒத்தையாக் கோடித்துணி

கோடித்துணி பிணத்துக்குப் போடுவது என்று எனக்குத் தெரியும். கத்தரி நின்றது. அம்மா முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கேட்டால் நம்ப மாட்டீர்கள். சட்டை உதறுவது எல்லா ஆம்பிளைகளும் செய்வது என்று நினைத்திருந்தேன். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஆம்பிளை அவர் ஒருவர்தான். பாட்டு வாட்ச்மேன் தாத்தாவுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“ஊட்டுக்குள்ள இதைப் பாடாதே” என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்கு முன்பும் எல்லாப் பாட்டுக்கும் சொல்லியிருக்கிறாள். அதனால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நான் பிசிர் வெட்டிக்கொண்டே பாடினேன். நல்ல பாட்டு. வாய்க்குள் நிற்கவில்லை.

“கண்ணு.”

“என்னங்கப்பா?”

“அது ஆரு பாட்டு?”

“அம்மா கட்டறதுங்க.”

“ஆருக்கு?”

“வாட்ச்மேன் தாத்தாவுக்குங்க.”

“இன்னொருக்காப் பாடு.”

பாடினேன். டீ வரி, சட்டை வரி, இரண்டும். அவர் திரும்பவே இல்லை. காதைச் சுவரில் வைத்த மாதிரிக் கிடந்தார்.

“வாட்ச்மேன் சட்டையே போட மாட்டாரே, சாமி” என்றார்.

என் கையில் கத்தரி அப்படியே நின்றது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான்.  வெளியே யாரோ குழாயில் குடத்தை வைத்தார்கள், நிறைந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள்.

“மூணு தரம் இல்ல. ரெண்டு தரந்தான் ஒதறுவேன். உங்கம்மாகிட்டச் சொல்லு” என்றார்.

சாயங்காலம் அம்மா வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

“அப்பா ரெண்டு தரம்ங்கறாருங்கம்மா.”

“எது?”

“சட்டை ஒதறறதுங்க.”

சோற்றுத் தூக்குப்போசியோடு அப்படியே நின்றாள். என்னை அடிப்பாள் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. உள்ளே போனாள்.

“டீ வெக்கட்டுங்களா?”

“வெய்யி.”

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த முடிச்சை அவிழ்த்து, இரண்டு தரம் என்று மாற்றிப் பாடி, மறுபடி போட்டாள்.

அதிலிருந்து நான் தபால்காரி ஆனேன். மத்தியானம் சோறு கொண்டுபோகும்போது அம்மாவிடமிருந்து வரி வாங்குவேன். வந்து அப்பாவிடம் பாடுவேன். அவர் சொல்வதை மறுநாள் அம்மாவிடம் சொல்வேன். இருவரும் நேராக ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை.

“என்னை ராசான்னு பாட வேண்டாம்னு சொல்லு. தொட்டியில மிதிச்சவன ராசான்னா சனம் சிரிக்கும்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும்னு சொல்லு” என்றாள் அம்மா மறுநாள்.

“பிடிவாதக்காரி” என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இருந்தது.

இருமல் மருந்தை அவர் நிறுத்தவில்லை. அத்தையும் மாமாவும் வந்து “சளி கொறஞ்சிருக்குதாட்ட” என்று சொல்லும்போது “ஆமாங்க, கொறஞ்சுதானுங்க இருக்குது” என்பார். அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அப்படிச் சொன்னார். ஒருநாள் நான் பாடிக்கொண்டிருக்கும்போது அத்தை வந்துவிட்டாள். வாசலில் நின்று இரண்டு வரி கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள்.

ஆனி மாதம் நடுவில் அப்பா ஒன்று கேட்டார்.

“உனக்கு முந்தி ஒரு பையன் இருந்தான். தெரியுமா?”

தெரியும், இருந்தான் என்று மட்டும். அவன் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை.

“ரெண்டு வயசு. காய்ச்சல்ல காலையில போயிட்டான். மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டோம். உங்கம்மா பாட வாயெடுத்தா. நான் ஓடிப்போயிப் பொத்துனேன். இந்தக் கையில.”

“ஏனுங்கப்பா?”

“பச்சப் புள்ளைக்குப் பாடுனா அடுத்தது தங்காதுன்னாங்க. பெரியவங்க சுத்தி நின்னு சொன்னாங்க. நான் பொத்திட்டேன். கடிச்சா. விடல.”

அந்த அடுத்தது நான். 

“அதைச் சேக்கச் சொல்லு. பையனையும், நான் பொத்துனதையும். மத்ததெல்லாம் என்னை நல்லவனாட்டக் காட்டுது. நான் போறதுக்குள்ள அதைக் கேக்கோணும்.”

அம்மாவிடம் சொன்னேன். பனியனை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அது ஆகாது.”

“ஏனுங்கம்மா?”

“நீ இருக்கற.”

அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மேசையில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, மூக்குக்குள் இருந்த இரைச்சல் நின்றுவிட்டது. பனியன் ஆர்டர்தான் ஓடியது. ஜட்டி மேல் பழி போட முடியாது. அந்த வாரம் அம்மா இரண்டு அளவை ஒரே பெட்டியில் போட்டுவிட்டாள். கட்டிங் மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“ஏனுங்கம்மணி, எண்பதும் தொண்ணூறும் ஒரே பெட்டியில போட்டா எப்புடீங்க? வாங்கறவன் அப்பனும் மகனுமா சேந்து வந்து வாங்குவானா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா பெட்டியைப் பிரித்தாள்.

ஒவ்வொரு நாளும் நான் வாசலில் நுழைந்ததும் அப்பா கேட்பார்.

“வந்துச்சா?”

“வரலீங்கப்பா.”

அவரே விஷயம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு அப்படி ஏதாவது கையில் கிடைத்தால்தான் வரி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையன் கட்டில் காலைப் பிடித்து நிற்பான் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா “கட்டில் இல்ல, தண்ணி அண்டா” என்றாள். பஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு திரிவான் என்றார். “அது பக்கத்து ஊட்டுப் பையன்” என்றாள். செத்த பிள்ளைக்காக இருவரும் என் வாயால் சண்டை போட்டார்கள். ஒரு வாரத்தில் எனக்கு அவனைத் தெரிந்துவிட்டது. இடது கைக்காரன். ரசம் சோறு பிடிக்கும். காக்காயைக் கண்டால் கையை நீட்டிக் கூப்பிடுவான். எதிலும் வரி வரவில்லை.

ஆடி பிறந்தது. காற்று. நம் லைனில் ஆடிக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனிப் பஞ்செல்லாம் பறந்து வந்து சோற்றில் விழும். அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்னிடம் “வெளிய போயிப் பிசிர் வெட்டு” என்றாள். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். எல்லாம் கேட்டது.

“அண்டாதானுங்க. தண்ணியில மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிப்பான்.”

“கட்டிலு. நான் படுத்திருந்தேன். என்ற பெருவெரலப் புடிச்சு இழுத்தானே.”

“அது ஒரு நாளுங்க.”

“ஒரு நாள்னாலும் இழுத்தானில்ல?”

அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது.  அவர் மூச்சுதான் கேட்டது.

“வந்துச்சா?”

“வருமுங்க.”

“எனக்கு நாளில்ல, புள்ள.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க. இருக்கற ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“பத்து வயசு முடிஞ்சுது. இனி அவளத் தொடாது.”

“அப்புடின்னு ஆரு சொன்னாங்க?”

“நான் சொல்றேன். அன்னைக்கும் ஆரோ சொல்லித்தான கேட்டோம். இன்னைக்கு நான் சொல்றதக் கேளு.”

அம்மா எழுந்து டீ வைக்கப் போனாள்.

அடுத்த புதன்கிழமை காலை, அம்மா கம்பெனிக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் குழாயடியில் குடம் வைத்துவிட்டு வந்தேன். அப்பா போயிருந்தார். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து மேலே வைத்தேன். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பனியனை மடித்து முடித்தாள். அட்டை வைத்தாள். கவரில் போட்டாள். பிறகு வந்தாள்.

அன்றைக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். உங்கள் அம்மாமார்களும் வந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் பாடுகிறவள், கட்டின புருஷனுக்கு என்ன பாடப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். அதை நான் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் காத்திருப்பேன். அம்மா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். என்னைத் தேடினாள். கைநீட்டி என்னை இழுத்துத் தன் மடியோடு ஒட்டி உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை இறுக்கிப் பிடித்தது நடுக்கத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என்னை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று பிடித்தாள்.

தொண்டையைச் செருமினாள்.

பச்சப்புள்ள போனன்னைக்குப் பாடாத வாயிங்க
பொத்துன கை எங்கீங்க பொத்துங்க இப்பவும்

அண்டாத் தண்ணியில சிரிச்சானே உங்க மகன்
அங்க அவன் கேட்டாக்கா அம்மா பாடிட்டாள்னு சொல்லுங்க

நான்கு வரி. முடித்துக்கொண்டாள். தட்டு வரி, சட்டை வரி எதையும் எடுக்கவில்லை. யாரும் அழவில்லை. எனக்கு முன்னே ஒரு பையன் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் காதில் விழுந்தது கை, வாய், பொத்தினது. அவ்வளவுதான்.

அத்தை எழுந்தாள்.

“என்ற தம்பி பொணமாக் கெடக்கறான், கை வெச்சான்னு ஊரக் கூட்டிச் சொல்றாளே! நீயெல்லாம் பொம்பளையா? தாயும் மகளுமாச் சேந்து உசுரோட இருக்கறப்பவே பாடிப் பாடி அனுப்பிப்போட்டு, இப்பக் கொற சொல்லிப் பாடறயா?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா மணிக்கட்டை அழுத்தினாள். மூடிக்கொண்டேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பிடியை விடவில்லை. சாயங்காலம் பார்த்தால் நாலு நகமும் பதிந்திருந்தது.

அதற்கப்புறம் அம்மாவை எழவுக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. புருஷனையே ஏசினவள் என்று பேராகிவிட்டது. வந்திருந்தாலும் போயிருப்பாளோ என்னவோ. இருபது வருஷத்துக்கு மேல் அதே மேசையில் மடித்தாள். மூக்குக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆவணியில் நான் கம்பெனிக்குப் பிசிர் வெட்ட நிரந்தரமாகப் போய்விட்டேன்.

நான் பாடித்தான் அப்பா போனார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் நினைத்திருந்தேன். பாட்டைக் கேட்டுக் கட்டி வளராது. இது புரிய எனக்கு நாற்பது வயதானது. மறைத்தவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மறைத்ததில் அவருக்கு ஒரு மாதம் வீணாகப் போனது. தெரிந்த பிறகு இருந்த நாட்களில்தான் அவர் பேசினார்.

ஒருதரம் அம்மாவிடம் கேட்டேன், அத்தையிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. “பொத்தச் சொன்னதே அவதான்” என்றாள். “சொன்னா அவ தாங்க மாட்டா.” வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

அத்தை இப்போது இல்லை. அம்மா போன ஐப்பசியில் போனாள். அவளுக்கு நான் பாட்டுக் கட்டவில்லை. எனக்கு வராது. எழவுக்கு வந்திருந்த உங்களில் ஒருவர் என்னிடம், “பாவம் உங்கம்மா, உங்கப்பாகிட்ட எத்தன அடி வாங்குச்சோ” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா அம்மாவை அடித்ததில்லை. ஒரே ஒரு தரம் வாயைப் பொத்தினார். அதை எல்லோர் முன்னாலும் பாடச் சொன்னதும் அவர்தான்.